திருமண் இட்ட நட்டு

மன்னி,

புளி போட்டுத் தேய்த்தேன், எலுமிச்சைத் தோலால் தேய்த்தேன், கடைசியில் பாத்திரம் துலக்கும் பவுடரையே போட்டுத் தேய்த்துவிட்டேன். நகக்கண்ணில் ஏறிய ஸ்டியரிங் ஆயில் வாடை போவேனா என்கிறது. காலையில் ரசத்துக்குப் பெருங்காயம் கரைக்கும்போதுகூட அந்த வாடைதான் முன்னால் வந்தது. சமையலறை ஜன்னல் மேடையில், உங்கள் பழைய குங்குமச் சிமிழுக்குப் பக்கத்தில், விரல் நீளத்துக்கு ஒரு துரு இரும்புத் துண்டு கிடக்கிறது. நம் வண்டியிலிருந்து அறுத்து எடுத்தது. அதைப் பற்றிச் சொல்ல எனக்கு இந்த வீட்டில் வேறு யார் இருக்கிறார்கள்? நீங்கள் போய் இரண்டு வருஷம் ஆகப்போகிறது என்பது தெரிந்துதான் உங்களுக்கு எழுதுகிறேன்.

அன்றைக்கு வந்தவர்கள் எல்லாரும் ஒரே பாட்டைப் பாடினார்கள். "புண்ணியவதி, பூவும் பொட்டுமாப் போய்ச் சேர்ந்துட்டா." பக்கவாதத்தில் கிடக்கும் அகத்துக்காரருக்கு முந்திக்கொண்டது உங்கள் சாமர்த்தியமாம். புண்ணியம் உங்களுக்கு, பெட்பேன் எனக்கு. இதை அன்றைக்கே வாய்விட்டுச் சொல்லியிருப்பேன். கூடம் நிறைய உறவுக்காரர்கள் உட்கார்ந்திருந்ததால் பல்லைக் கடித்துக்கொண்டு எல்லாருக்கும் காபி கலந்தேன்.

உங்கள் அகத்துக்காரர் நீங்கள் விட்டுப்போன மாதிரியேதான் இருக்கிறார். வலது பக்கம் வேலை செய்யவில்லை. பேச்சு ஒரு சொல், இரண்டு சொல். காலையில் பக்கத்துத் தெரு ஜெயம்மா வந்து அவரைக் குளிப்பாட்டி, மதிலோரச் சந்துப் பக்கம் திறக்கும் ஜன்னல் ஓரக் கட்டிலில் உட்காரவைத்துவிட்டுப் போவாள். என் அகத்துக்காரர் வழக்கம்போல ஏதோ கம்பெனிக்குக் கணக்குப் பார்க்கிறேன் என்று கிளம்பிவிடுவார். பிறகு நானும் உங்கள் அகத்துக்காரரும்தான். நான் துணி உலர்த்தக் கொல்லைப்பக்கம் போனால் போதும், இடது கையால் கட்டில் சட்டத்தை டொக் டொக் என்று தட்டுவார். ஓடி வந்து "என்ன வேணும்?" என்றால் ஒன்றும் வேண்டாம். நான் இருக்கிறேனா என்று பார்க்கத் தட்டியிருக்கிறார். சில நாள் அந்தச் சத்தம் கனவிலும் கேட்கும்.

வெளியே போக இருந்தது வண்டி ஒன்றுதான். அதுவும் ஆடி மாதம் மாட்டிக்கொண்டது. முதலில் சிமெண்டுத் தரையில் சொட்டுச் சொட்டாக ஏதோ விழுந்தது. ஏசி தண்ணீர் என்று நினைத்து விட்டுவிட்டேன். ஒருநாள் மருந்துக் கடையிலிருந்து வரும்போது நம் தெருவில் திருப்பினால் ஸ்டியரிங் அசையவே இல்லை. கல்லுரலை ஆட்டுகிற மாதிரி ஆட்டி, எப்படியோ வீட்டுக்கும் பக்கத்து வீட்டு மதிலுக்கும் நடுவில் இருக்கிற சந்துக்குள் கோணலாகச் சொருகினேன். மூக்கு மதிலில் முட்டுகிற மாதிரி நின்றுவிட்டது. அந்தச் சந்திலிருந்து வண்டியை எடுக்க, எல்லாம் நன்றாக இருந்த காலத்திலேயே முன்னும் பின்னுமாக எத்தனை தடவை ஒடிப்போம்! இப்போது என் தோள்பட்டை இருக்கிற லட்சணத்தில் சக்கரம் ஓர் அங்குலம் திரும்பாது. வண்டி உள்ளே, நானும் உள்ளே.

இவருக்கு அது வசதியாகப் போய்விட்டது. "என்னத்துக்கு அது சும்மா எடத்தை அடைச்சிண்டு? வித்துடலாம். ஞாயித்துக்கிழமை ஒருத்தன் வரான், பழைய வண்டி எடுக்கறவன். நோக்கு எங்கயாவது போணும்னா டாக்சி கூப்பிட்டா வாசல்ல வந்து நிக்கறது" என்றார். டாக்சியில் ஏறுவதற்கு முன்பே எங்கே போகிறாய் என்று சொல்லவேண்டும். அது எனக்கே தெரியாமல் இருப்பதற்குத்தான் வண்டி என்பதை இவரிடம் எப்படி விளக்குவது? உங்களுக்கு விளக்கவே வேண்டியிருக்கவில்லை.

அந்த வண்டியை நீங்கள் இந்த வீட்டுக்குள் கொண்டுவந்த விதத்தை நினைத்தால் இப்போதும் சிரிப்பு வருகிறது. நான் இளைய மருமகளாக இந்த அக்ரஹாரத்து வீட்டுக்கு வந்தபோது மூத்த மருமகளான உங்களுக்குப் போக்கிடம் ஆபீசும் கோவிலும். எனக்கு ஆபீசும் கிடையாது. வெளியில் ஒரு வாய் தண்ணீர் குடித்தாலே ஆசாரம் கெட்டது என்பார் மாமனார். வெங்காயம் வாசற்படி தாண்டி உள்ளே வந்ததே இல்லை. "பொம்மனாட்டிகளுக்கு என்னத்துக்குக் கார்?" என்று அவர் கேட்டதும், நீங்கள் தலையைக் குனிந்துகொண்டு, மெல்லிய குரலில், "மேலுகோட்டைக்குப் பஸ்ஸுல போனா மடி போயிடறது. சொந்த வண்டின்னா மடியாப் போய்ப் பெருமாளைச் சேவிச்சுட்டு மடியா வந்துடலாம்" என்றீர்கள். மடியைக் காட்டி இந்த வீட்டில் எதையும் மறுத்தவர் மாமனார். அதே மடியைக் காட்டி நீங்கள் காரைக் கேட்டதும் சரி என்றுவிட்டார்.

ஆனாலும் சும்மா விடவில்லை, ஒரு நிபந்தனை போட்டார். "அப்போ அது பெருமாள் வண்டி. ஆயுத பூஜைக்கு ஆயுத பூஜை அதுல இருக்கற இரும்புக்கெல்லாம் திருமண் இடணும்." நீங்கள் உடனே சரி என்றீர்கள். ஊரெல்லாம் வண்டிக் கண்ணாடியில் ஒரு பொட்டு வைத்துவிட்டு எலுமிச்சம்பழத்தின் மேல் ஏற்றுவார்கள். நீங்கள் பானெட்டைத் திறந்து, புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு, நாமம் இடும் வெள்ளைத் திருமண்ணைக் குழைத்து, எட்டுகிற இடத்திலெல்லாம் பாதம் வைத்து, நடுவில் சிவப்பு ஸ்ரீசூர்ணம் இழுப்பீர்கள். முன்னாலேயே துருத்திக்கொண்டு ஒரு நட்டு இருக்கும். "இதுதான்டி இதுக்கு நெத்தி" என்று அதற்கு மட்டும் தடிமனாக இடுவீர்கள். மாமனார் போனார், மாமியார் போனார், அப்போதும் நீங்கள் விடவில்லை. "இன்னும் யாருக்காக மன்னி?" என்று கேட்டதற்கு, "வாக்குக் குடுத்துட்டேனே" என்றீர்கள். யாருக்கு என்றேன். "வண்டிக்கு."

மாதத்தில் ஒரு சனிக்கிழமை. கேட்டருகில் நின்று, உள்ளே இருக்கிற அத்தனை பேருக்கும் கேட்கிற மாதிரி, "பெருமாளைச் சேவிச்சுட்டு வந்துடறோம்!" என்று ஒரு குரல் கொடுப்பீர்கள். சில சனிக்கிழமைகளில் நிஜமாகவே மேலுகோட்டை மலை ஏறினோம், பெருமாள் தலையில் பொய்ச்சத்தியம் வேண்டாம். மற்ற நாட்களில் ஸ்ரீரங்கப்பட்டணம் தாண்டியதும் கால்வாய் ஓரத்துப் புளியமரத்தோடு சரி. அங்கே ஒரு பஜ்ஜி வண்டி நிற்கும். கண்ணாடியை ஏற்றிக்கொண்டு இரண்டு பேரும் சூடாக வெங்காய பஜ்ஜி சாப்பிடுவோம். ஒரு தடவை நீங்கள் கண்ணை மூடிக்கொண்டு, "இன்னும் சித்த நாழி இங்கயே இருப்போம்டி, ஆத்துக்குப் போனா மறுபடியும் மனுஷாளா ஆயிடணும்" என்றீர்கள். அவ்வளவு சாமர்த்தியக்காரியான நீங்களும் என்னைப் போலவே மூச்சுமுட்டிக்கொண்டுதான் இருந்தீர்கள் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

திரும்பும்போது நம் தெருக்கோடிக் கோவிலில் துளசி வாங்கித் தலையில் செருகிக்கொள்வோம். டாஷ்போர்டுப் பெட்டியில் நீங்கள் வைத்திருக்கும் தகர டப்பாவிலிருந்து ஆளுக்கு ஓர் ஏலக்காய். "மெல்லு, நன்னா மெல்லு. தெரு திரும்பறதுக்குள்ள முழுங்கிடணும்." வாசலில் மாமியார் மோப்பம் பிடித்துக்கொண்டு நிற்பார். நீங்கள் கண் கலங்க அன்றைய அலங்காரத்தை வர்ணிப்பீர்கள். உங்கள் அகத்துக்காரர் பேப்பரிலிருந்து தலையைத் தூக்கமாட்டார். அவர் பக்கவாதத்தில் விழுந்த பிறகு சனிக்கிழமைகள் நின்றுபோயின. பிறகு நீங்களும் நின்றுபோனீர்கள்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். இவருக்குத் தெரியாமல் வியாழக்கிழமை மாதேஷ் என்று ஒரு மெக்கானிக்கைக் கூப்பிட்டேன். ஹனூர்க்காரர், மண்டி மொஹல்லாவில் பட்டறை. போனில், "வண்டியைப் பட்டறைக்குக் கொண்டாந்துருங்கம்மா" என்றார். கொண்டுவர முடிந்தால் நான் எதற்கு உங்களைக் கூப்பிடுகிறேன் என்றதும் ஸ்கூட்டரில் சாமான்களைக் கட்டிக்கொண்டு வந்தார். வாய் ஓயாத மனுஷன். மாதேஸ்வரன் மலை ஏறும்போது எந்தெந்த வளைவில் யார் யார் வண்டி நின்றது என்று சொல்லிக்கொண்டே பானெட்டுக்குள் தலையை விட்டார்.

"பம்ப்புல இருந்து ஸ்டியரிங்குக்கு ஆயில் கொண்டுபோற பைப்புங்கம்மா. நட்டுகிட்டத் துரு தின்னு ஓட்டையாயிருச்சுங்க. இந்த வண்டிக்குப் புதுப் பைப்பு இப்ப வர்றதில்லீங்க. பழசைக் கழட்டிக் கொண்டுபோனா எங்க பக்கத்துல ஒருத்தன் அதே அளவுக்குக் கட்டிக் குடுப்பானுங்க."

கழற்றினால்தானே? துரு எண்ணெய் அடித்தார், ஊறட்டும் என்று காபி குடித்தார், ஸ்பேனர் போட்டு இழுத்தார். நட்டு அசையவில்லை, ஸ்பேனர் வழுக்கியது. "அட, முனை மழுங்கிருச்சுங்களே" என்றார், வேறு யாரோ மழுக்கிவிட்ட மாதிரி. அளவு சரியில்லாத ஸ்பேனர் என்பது எனக்கே தெரிந்தது. அடுத்ததைப் போட்டால் நட்டோடு சேர்ந்து பைப்பே முறுக்கிக்கொண்டது.

"இனி ஒரே வழிதானுங்க. பைப்பை அறுத்துப்போட்டு, பாக்ஸ் ஸ்பேனரை முழுசா நட்டு மேல உட்டு ஒரே திருகாத் திருகோணும். மரை கெடாம நட்டு வந்துருச்சுன்னா தப்பிச்சீங்க. பம்ப்புல மரை பிச்சுக்கிச்சுன்னா, ஞாயித்துக்கெழமை வர்றவனுக்கே குடுத்துருங்க." நாளைக்கு வருகிறேன் என்று கிளம்பிவிட்டார்.

அவர் போன பிறகு பாதி திறக்கிற கதவு வழியாக நுழைந்து டிரைவர் சீட்டில் உட்கார்ந்தேன். முன்னால் மதில், இந்தப் பக்கம் வீட்டுச் சுவர். ஸ்டியரிங்கை இரண்டு கையாலும் பிடித்து இழுத்துப் பார்த்தேன். எனக்கு அறுபது தொடப்போகிறது, இனிமேல் இந்த வீட்டுக்குள்ளேயேதான், ஒருவர் தட்டத் தட்ட ஓடிக்கொண்டு, என்று தோன்றியதும் அழுகை வந்தது. நன்றாக அழுதேன். உங்கள் மேல்தான் கோபம். ஜன்னலிலிருந்து டொக் டொக். மூக்கைத் துடைத்துக்கொண்டு உள்ளே போனேன். வழக்கம்போல ஒன்றும் வேண்டாம்.

வெள்ளிக்கிழமை மாதேஷ் கம்பி பிரஷ்ஷால் நட்டைச் சுரண்டியபோது துருவுக்கு அடியிலிருந்து வெள்ளையாகப் பக்கு பக்காக உதிர்ந்தது. "ஏனுங்கம்மா, இதென்னங்க சுண்ணாம்பாட்டம்?" என்றார். எட்டிப் பார்த்தேன். வெள்ளை, நடுவில் சிவப்பு, மறுபடி வெள்ளை. வருஷா வருஷம் நீங்கள் இட்டது, ஒன்றின் மேல் ஒன்றாக. அந்த மண் ஈரத்தைக் குடித்துக் குடித்து நட்டைப் பைப்போடும் பம்ப்போடும் ஒட்டிப் போட்டிருந்தது. அதுதான் இதற்கு நெற்றி என்றீர்களே, அந்த நட்டேதான்.

"நாமம்" என்றேன்.

மாதேஷ் கையிலிருந்த பிளேடைக் கீழே வைத்துவிட்டார். "சாமி நாமத்து மேல நான் பிளேடு வெக்க மாட்டனுங்க."

"அது நட்டு, மாதேஷ்."

"நாமம் போட்டாச்சுன்னா அது நட்டு இல்லீங்கம்மா. நாங்களும் மாதேஸ்வரன் மலைக்குப் போறப்ப திருநீறு பூசறதுதானுங்க. கண்ணாடி மேல பூசுவோம். நட்டு மேல யாராச்சும் பூசுவாங்களா?"

அதைக் கேட்டதும் சிரிப்பும் ஆத்திரமும் சேர்ந்து வந்தது, மன்னி. இந்த வீட்டிலிருந்து நம்மை வெளியே விட நீங்கள் ஒப்புக்கொண்ட நிபந்தனை அது. கடைசியில் என்னை உள்ளே பிடித்துப் போட்டதும் அதுதான். பிளேடை எடுத்தேன். புடவையை உங்களைப் போலவே இழுத்துச் செருகிக்கொண்டு, மட்கார்டு மேல் குனிந்து, நட்டை ஒட்டி அறுக்க ஆரம்பித்தேன். முதல் இழுப்பில் பிளேடு வழுக்கி வெள்ளைப் பக்கு ஒன்று என் மணிக்கட்டில் விழுந்தது. ஜன்னலில் டொக் டொக் டொக். திரும்பிப் பார்த்தால் உங்கள் அகத்துக்காரர் கண் கொட்டாமல் பார்த்துக்கொண்டிருந்தார். திருமண்ணை அறுக்கிறாளே என்று திட்டுகிறார் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டு, "தட்டட்டும்" என்று முதல் தடவையாகப் போகாமல் இருந்தேன்.

பைப்பு பாதி அறுந்ததும் மாதேஷ் பிளேடை வாங்கிக்கொண்டார். "நீங்களே ஆரம்பிச்சுட்டீங்கல்லங்க, இனிப் பாவம் உங்க கணக்குலதான்." அறுத்து முடித்தார், பாக்ஸ் ஸ்பேனரை மாட்டினார், சுத்தியலால் சுற்றிச் சுற்றித் தட்டினார், பிடிக்கு நீளமாக ஒரு குழாயைச் செருகி உடம்பு முழுவதையும் அதன் மேல் போட்டார். கிரீச் என்று ஒரு சத்தம். விரலை விட்டுத் தடவிப் பார்த்து, "மரை இருக்குதுங்கம்மா" என்று சிரித்தார், நட்டோடு அறுந்த துண்டை என் கையில் போட்டார்.

சனிக்கிழமை மத்தியானம் புதுப் பைப்போடு வந்தார். மாட்டி, ஆயில் ஊற்றி, முன்சக்கரம் இரண்டையும் ஜாக்கியில் தூக்கி, என்னை உள்ளே உட்காரவைத்தார். "காத்து வெளிய போவோணுங்க. லெஃப்ட்டு கடைசி வரைக்கும்... இப்ப ரைட்டு..." நான் திருப்பத் திருப்ப ஆயில் டப்பாவில் குமிழி வந்தது. பிறகு வண்டியை இறக்கி, என்ஜினைப் போட்டுத் திருப்பச் சொன்னார். ஒரு விரலுக்குத் திரும்பியது, மன்னி! முன்னும் பின்னுமாக ஒடித்து ஒடித்து, மதிலில் ஒரு கீறல் படாமல் வாசலுக்குக் கொண்டுவந்து நிறுத்தினேன். இவர் வாசலில் நின்று பார்த்தார், தானாகவே ஞாயிற்றுக்கிழமைக்காரனுக்குப் போன் பண்ணி வரவேண்டாம் என்றார். எட்டாம் அதிசயம்.

ஜெயம்மாவை ஒரு மணி நேரம் உட்காரச் சொல்லியிருந்தேன். கைப்பையை எடுத்துக்கொண்டு வாசற்படி தாண்டும்போது என்னை அறியாமல் வாயில் வந்துவிட்டது, உங்கள் குரலிலேயே: "பெருமாளைச் சேவிச்சுட்டு வந்துடறேன்!"

டொக் டொக்.

அன்றைக்கு மட்டும் போகக்கூடாது என்றுதான் நினைத்தேன். கால் கேட்கவில்லை. "என்ன வேணும்?" என்றேன், கொஞ்சம் கடுமையாகவே.

உங்கள் அகத்துக்காரர் வாயைக் கோணிக்கொண்டு சிரமப்பட்டார். "வெங்... காயம்."

"வெங்காயமா? நம்மாத்துல ஏது வெங்காயம்?"

தலையை ஆட்டினார். இடது கையால் தன் வாயைத் தொட்டுக் காட்டினார். "அவ... வாயில... ஏலக்கா... வாசனை." நிறுத்தி, மூச்சு வாங்கி, "தெரியும்" என்றார். பேப்பரிலிருந்து தலையைத் தூக்காத மனுஷன், மன்னி. அத்தனை சனிக்கிழமையும் அவருக்குத் தெரிந்திருக்கிறது. தெரிந்துதான் மாமியார் மோப்பம் பிடிக்கும்போது தலையைத் தூக்காமல் இருந்திருக்கிறார்.

அப்புறம், "நானும்" என்றார்.

அந்த ஒரு மணி நேரம் அவரிடமிருந்து தப்பிக்கத்தான் மூன்று நாள் பாடுபட்டேன். முடியாது என்று சொல்லியிருக்கலாம், ஒன்றும் குடிமுழுகியிருக்காது. ஆனால் நாள் முழுவதும் அந்த ஜன்னல் வழியாக, சந்தில் மாட்டிக்கொண்ட வண்டியைத்தான் அவரும் பார்த்துக்கொண்டிருந்தார் என்பது அப்போதுதான் உறைத்தது. மாதேஷும் இவருமாகத் தூக்கி முன்சீட்டில் உட்காரவைத்தார்கள். ஜெயம்மா, "எல்லிகம்மா?" என்று கேட்டாள், எங்கே என்று. "தேவஸ்தானக்கே" என்றேன், கோவிலுக்கு என்று. தப்பித்துப் போகப் பார்த்தவள் வீட்டையே வண்டியில் ஏற்றிக்கொண்டு கிளம்பினேன்.

புளியமரம் இருக்கிறது. பஜ்ஜி வண்டியில் இப்போது வேறு ஆள். கண்ணாடியை ஏற்றிவிட்டுப் பிட்டுப் பிட்டுக் கொடுத்தேன். எண்ணெய் மோவாயில் வழிந்தது, துடைத்துவிட்டேன். அவர் கண்ணை மூடிக்கொண்டு மென்றார். இன்னும் சித்த நாழி இருப்போம் என்று அவர் சொல்லவில்லை, நானாகவே இருந்தேன். எனக்குக் கொஞ்சம் மூச்சு வந்தது. அவ்வளவுதான், பெரிதாக ஒன்றும் மாறிவிடவில்லை. இன்று காலையும் தட்டினார், ஓடினேன்.

திரும்பி வரும்போது தெருக்கோடி தெரிந்ததும் இடது உள்ளங்கையை என் முன்னால் நீட்டினார். எனக்குப் புரிந்தது. டாஷ்போர்டுப் பெட்டிக்குள் கையை விட்டுத் துழாவினேன். உங்கள் தகர டப்பா அங்கேயேதான் இருந்தது. ஏலக்காய் எல்லாம் வெளுத்துச் சருகாகியிருந்தது. அவர் கையில் ஒன்று வைத்தேன், என் வாயில் ஒன்று போட்டுக்கொண்டேன். மோந்து பார்க்க இந்த வீட்டில் இனி யாரும் இல்லை, மன்னி. ஆனாலும் தெரு திரும்புவதற்குள் இரண்டு பேரும் நன்றாக மென்று முழுங்கிவிட்டோம்.